விதவை ஸ்வெயினின் இரண்டாம் வாக்கு

ஸ்வெயின் பண்ணை, நியூ ஜெர்சி
1807 பிப்ரவரி 26

ஒபதியா,

என் துக்க உடுப்பை மாட்டிக்கொண்டு, என் கறுப்பு முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு, லோயர் கிரீக் சாவடியில் என் பெயரைச் சொல்லி நீ வாக்குப் போட்டிருக்கிறாய்.

சந்தேகத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. நேற்று உன் அடிமை ப்ரைம் என் துணிப்பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். மெஹிட்டபெலின் பிரசவத்துக்கு உன் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பும்போது, பனிவண்டியில் இடமில்லை என்று விட்டுவந்தேனே, அந்தப் பெட்டி. திறந்தேன். என் புருஷன் அப்னெர் செத்த வாரத்தில் நான் உட்கார்ந்து தைத்த உடுப்பு, இரண்டு அக்குளிலும் தையல் விட்டு வாயைப் பிளந்து கிடந்தது. கீழ் விளிம்பில் குதிரைச் சாணம். பைக்குள் மூக்குப்பொடி. உன் மனைவி பிள்ளை பெற்ற உடம்போடு படுக்கையில் கிடந்தாள். அவள் பொடி போடுகிறவளும் இல்லை.

ப்ரைமைக் கேட்டேன். "இந்த உடுப்புக்கு என்னப்பா ஆச்சு?"

"எனக்கு என்னம்மா தெரியும், நான் வண்டிக்காரன். வாக்கெடுப்பு அன்னிக்கு ஒரு விதவையம்மாவை லோயர் கிரீக் வரைக்கும் கூட்டிட்டுப் போனேன். நல்ல உயரம். பாவம், போற வழியெல்லாம் எங்க எஜமான் குரல்லயே பாட்டுப் பாடிக்கிட்டு வந்தாங்க."

ஏன் என்று கேட்க மாட்டேன். புதுக் கோர்ட்டுக் கட்டடம் மில்பிரிட்ஜுக்குப் போகாமல் ஆஷ்ஃபோர்டுக்கு வந்தால் அது உன் விடுதிக்கு எதிரே எழும்பும். வழக்குக்கு வருகிறவன் எவனும் உன் ரம்மைக் குடித்துவிட்டுத்தான் பொய்ச் சத்தியம் செய்யப் போவான். அதற்காக மாவட்டமே வாக்குப் போட்டது. நானும் முதல் நாளே ஆஷ்ஃபோர்டில் வரிசையில் நின்று, உன் ஊருக்குத்தான் போட்டேன். அது உனக்குப் போதவில்லை.

அப்னெர் இருந்தவரை எனக்கு வாக்கு இல்லை. புருஷன் உள்ளவளுக்குச் சொத்தும் இல்லை, வாக்கும் இல்லை. அவர் செத்து இந்தப் பண்ணை என் பெயருக்கு வந்த பிறகுதான், ஐம்பது பவுண்டு பெறும் சொத்துக்காரி என்று சாவடியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் சாவு எனக்குக் கொடுத்தவை இரண்டு, ஒரு கறுப்பு உடுப்பு, ஒரு வாக்கு. இரண்டையும் நீ போட்டுப் பார்த்துவிட்டாய்.

சாவடி அதிகாரியிடம் போய் உண்மையைச் சொல். சொல்கிறவரை என் வாசலை மிதிக்காதே. பேச வேண்டியதை எழுது.

கெத்தூரா

*

ஆஷ்ஃபோர்டு
1807 மார்ச் 5

என் அன்புக்குரிய அக்காவுக்கு,

தாயும் சேயும் நலம். குழந்தைக்கு உங்கள் பெயரையே வைத்திருக்கிறோம். கெத்தூரா பெல்னாப்! வருங்காலத்தில் இந்தப் பெயரை ஊரே மரியாதையோடு சொல்லும்.

நீங்கள் எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். சில சங்கதிகளைக் காகிதத்தில் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. பொதுவாழ்வில் இருப்பவனுக்குக் காகிதம் எதிரி. பொதுப்படையாக ஒன்று சொல்கிறேன். அந்த மூன்று நாளில் இந்த மாவட்டத்தில் உயிருள்ள எவன் ஒரே ஒரு வாக்குப் போட்டான்? மில்பிரிட்ஜ்காரர்கள் மீசை முளைக்காத பையன்களின் பூட்ஸுக்குள் மரக்கட்டை வைத்துக் கூட்டிவந்தார்கள். ஒருவன் காலையில் தச்சனாக வந்தான், மத்தியானம் கொல்லனாக வந்தான், சாயங்காலம் செத்துப்போன தன் மாமனாகவே வந்தான். யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கத் தெரியாதவர்களுக்கு அரசியல் புரியாது அக்கா.

உடுப்பைப் பற்றி வருத்தப்பட வேண்டாம். புதுத் துணி எடுத்து அனுப்புகிறேன். பெண்கள் எப்படித்தான் அந்த இடுப்பு நாடாவோடு நாளெல்லாம் மூச்சு விடுகிறீர்களோ, நினைத்தால் எனக்கு இரக்கமாக இருக்கிறது.

அக்டோபரில் மறுபடியும் சட்டசபைக்கு நிற்கிறேன். போன முறை போல விதவைகளையெல்லாம் உங்கள் வண்டியில் ஏற்றிவந்து உதவ வேண்டும்.

உங்கள் அன்புத் தம்பி
கேப்டன் ஒபதியா பெல்னாப்

பி.கு.: ப்ரைமுக்கு வாய் நீண்டுவிட்டது. மலைப்பக்கம் இரும்புப் பட்டறைக்கு வாடகைக்கு அனுப்பிவிட்டேன். உலைச் சூட்டில் பேச்சு குறையும்.

*

ஸ்வெயின் பண்ணை
1807 ஏப்ரல் 14

ஒபதியா,

ப்ரைமின் பெயரை எழுதியது நான். பட்டறைக்குப் போனது அவன். உன்னிடம் உண்மையைச் சொன்னால் அதற்கு யாரோ ஒருவன் முதுகில் விலை வைப்பாய் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது நடந்ததைக் கேள். திருவிருந்துக்கு முன்னால் வீடு வீடாக வந்து ஈயச் சில்லு கொடுப்பார்களே, அதற்காகச் சனிக்கிழமை போதகர் லீமனும் மூப்பர் ஆம்ஸியும் வந்தார்கள். ஆப்பிள் பணியாரம் வைத்தேன். மூப்பர் ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றார். சில்லுப் பையின் வாயை மட்டும் அவிழ்க்கவில்லை.

"மில்பிரிட்ஜ்காரங்க சட்டசபைக்கு மனு போட்டிருக்காங்க," என்றார் போதகர். "ஆஷ்ஃபோர்டுலயும் லோயர் கிரீக்லயும் விதவை ஸ்வெயின் வாக்குப் போட்டாங்கன்னு அதுல எழுதியிருக்கு. பார்த்தவங்க இருக்காங்க."

"லோயர் கிரீக்குல போட்டது நான் இல்ல."

"உங்க உயரத்துல இந்தச் சுத்துவட்டாரத்துல வேற பொம்பளை கிடையாதேம்மா."

"பொம்பளை கிடையாது," என்றேன்.

மூப்பருக்குப் பணியாரம் தொண்டையில் சிக்கிக்கொண்டது. உன் பெயரைச் சொன்னேன். போதகர் இரண்டு கையையும் தூக்கினார். "கேப்டனை இதுல இழுக்காதீங்க. அவர் சட்டசபை உறுப்பினர். சாட்சி யாராவது உண்டா?"

"ப்ரைம்."

"அடிமையோட வார்த்தை வெள்ளைக்காரனுக்கு எதிரா செல்லாது. உங்களுக்கே தெரியும்."

உன் மார்ச் மாதக் கடிதத்தைக் காட்டினேன். இடுப்பு நாடா வரியைப் படித்துவிட்டு, "எவ்வளவு இளகின மனசு!" என்றார்.

சில்லு தராமல் போய்விட்டார்கள். அது இல்லாமல் நான் விருந்து மேசையில் உட்கார முடியாது. இருபத்தைந்து வருஷமாக உட்கார்ந்த மேசை. இனி திருவிருந்துதோறும் நான் கடைசிப் பெஞ்சில் இருக்க, நீ முன்னால் உட்கார்ந்து அப்பம் பிட்டுச் சாப்பிடுவாய்.

அடுத்த திருவிருந்துக்குள் போதகரிடம் போய்ச் சொல். அவ்வளவுதான் கேட்கிறேன்.

கெத்தூரா

*

ஆஷ்ஃபோர்டு
1807 ஏப்ரல் 22

மதிப்பிற்குரிய அக்கா,

உங்கள் மனவேதனை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நிலைமையை என் இடத்தில் நின்று பாருங்கள். இந்தச் சமயத்தில் நான் ஏதாவது சொன்னால் மில்பிரிட்ஜ்காரர்கள் வாக்கெடுப்பையே தள்ளிவிடச் செய்வார்கள். கட்சி போகும். கட்சி போனால் நாடு போகும். ஒரு ஈயச் சில்லுக்காக நாட்டைக் கவிழ்க்கச் சொல்கிறீர்களா?

நான் இரவும் பகலும் யோசித்து ஒரு வழி கண்டிருக்கிறேன். ஆலைக்காரர் ஸேனஸ் பிக்கட்டைத் தெரியுமல்லவா? மனைவி போய் ஒரு வருஷம் ஆகிறது. கண்ணியமானவர். பற்கள் அநேகமாக எல்லாம் இருக்கின்றன. அவரைக் கட்டிக்கொண்டால் நீங்கள் விதவை ஸ்வெயின் இல்லை, திருமதி பிக்கட். கல்யாணமானவளுக்கு வாக்கே கிடையாது. வாக்கே இல்லாதவள் இரண்டு முறை போட்டாளா என்று எவன் கேட்கப் போகிறான்? பேச்சு தானாகவே அடங்கும். பண்ணை வேலைக்கும் ஓர் ஆண் வந்த மாதிரி ஆகும்.

கோபத்தைத் தள்ளிவைத்து யோசியுங்கள்.

தங்கள்
ஒபதியா

*

ஸ்வெயின் பண்ணை
1807 மே 11

ஒபதியா,

உன் ஸேனஸ் வந்தார். ஒரு பன்றித்தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். உட்காருவதற்கு முன்பே கொட்டகையை எட்டிப் பார்த்தார்.

"கூரை மாத்தணும்," என்றார்.

"யாரு மாத்தணும்?"

"நான்தான். உங்க தம்பி எல்லாம் சொல்லிட்டாரு. நீங்க சம்மதிச்சாச்சுன்னாரு."

"நான் எப்ப சம்மதிச்சேன்?"

"போன செவ்வாய்க்கிழமை விடுதில. ரெண்டு கோப்பை ஆப்பிள் சைடர்கூடக் குடிச்சோமே, உங்க சம்மதத்துக்கு."

"நான் அங்க இருந்தேனா?"

அவர் யோசித்தார். நல்ல மனுஷன், நிஜமாகவே யோசித்தார். "இல்லதான்," என்றார்.

"அப்ப சம்மதிச்சவரையே கட்டிக்கோங்க ஸேனஸ். பாவாடைகூட அவருக்குப் பழக்கம்தான்."

புரியாமலேயே போனார். பன்றித்தொடையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகத் தெரிந்தது.

பக்கத்து வீட்டுத் தாமார் வேலிக்கு அப்பால் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். தாமாரை உனக்குத் தெரியும். அடிமையாக இருந்து, தன்னைத் தானே விலை கொடுத்து மீட்டுக்கொண்ட கறுப்பினப் பெண். அவளும் விதவை. வீடும் தோட்டமும் அவள் பெயரில் இருப்பதால் அவளும் வாக்குப் போடுகிறாள். போன தடவை உனக்குத்தான் போட்டாள், என் வண்டியில் வந்து. "ஸ்வெயினம்மா, உங்க தம்பிக்குப் பாவாடை அளவாத்தான் இருந்திருக்கும்," என்றாள். "அந்தக் கால்சட்டைதான் அவருக்குப் பெரிசு."

உன்னைக் கேப்டன் என்கிறார்கள். எந்தப் போருக்குக் கேப்டன்? பிரிட்டிஷ் சிப்பாய்கள் இந்தச் சாலையில் வந்தபோது உனக்குப் பதினெட்டு வயது. அப்பாவின் தோல் பதனிடும் குழியில், நாறும் தோல்களுக்கு அடியில் படுத்திருந்தாய். நான்தான் மூடிவிட்டேன். அதைக்கூட நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. வருஷத்தில் இரண்டு நாள் உன் விடுதி முற்றத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி ரம் ஊற்றியதற்கு இந்த மாநிலம் உனக்குக் கேப்டன் பட்டம் கொடுத்திருக்கிறது.

நான் கட்டிக்கொள்ள மாட்டேன். நீ போதகரிடம் போ.

கெத்தூரா

*

ஆஷ்ஃபோர்டு
1807 ஜூன் 8

அருமை அக்கா,

நல்ல செய்தி! எல்லாம் தீர்ந்தது.

நேற்று ஆராதனையில் போதகர் அறிக்கைகள் வாசித்து முடித்ததும் நான் எழுந்து நின்றேன். நீங்கள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானே? "என் குடும்பத்தில் ஒரு பாவம் நடந்திருக்கிறது," என்று தொடங்கினேன். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "என் சகோதரி கெத்தூரா, கணவரைப் பறிகொடுத்த துயரத்தில் மதி கலங்கி, அறியாமல் இரண்டு சாவடிகளில் வாக்குப் போட்டுவிட்டாள். அவள் வெட்கத்தால் இங்கே வரவில்லை. தகப்பன் இல்லாத குடும்பத்துக்கு நான் தலைவன். அவள் வாயாக நின்று நான் மன்னிப்புக் கேட்கிறேன்."

அக்கா, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெண்கள் பக்கம் அழாதவர் இல்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது. மூப்பர் ஆம்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள மாதிரி ஒரு தம்பி யாருக்கு வாய்க்கும் கேப்டன்?" என்றார். மெஹிட்டபெல்தான் குழந்தை அழுகிறது என்று பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாள். குழந்தை அழுததாக எனக்குக் கேட்கவில்லை.

சபை உங்களை ஒருமனதாக மன்னித்துவிட்டது. உங்கள் ஈயச் சில்லை இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்த திருவிருந்துக்குத் தலை நிமிர்ந்து வரலாம்.

பாசத்துடன்
ஒபதியா

*

ஸ்வெயின் பண்ணை
1807 ஜூன் 10

ஒபதியா,

சில்லைத் திருப்பி அனுப்புகிறேன். எவன் அழுதானோ அவனே தின்னட்டும்.

ஊருக்கு இப்போது நான் மன்னிக்கப்பட்டவள். நேற்றுக் கடையில் உப்பு வாங்கப் போனேன். கடைக்காரர் மனைவி என் கன்னத்தைத் தடவி, "விடுங்க, தெரியாமச் செஞ்சுட்டீங்க," என்றாள். என்மேல் குற்றம் சாட்டியபோதாவது மறுத்துப் பேச முடிந்தது. மன்னித்தவர்களிடம் எதை மறுப்பது?

என் உடுப்பை எடுத்தாய். என் பெயரை உன் மகளுக்கு எடுத்தாய். என் சம்மதத்தை ஒரு ஆலைக்காரனுக்குக் குடிக்கக் கொடுத்தாய். இப்போது என் பாவத்தை நீயே செய்து, நீயே அறிக்கையிட்டு, நீயே அழுதும் முடித்துவிட்டாய். எனக்கென்று ஒரு வாக்கு மிச்சம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு அக்டோபரில் சாவடிக்கு வருகிறேன். உனக்குப் போட அல்ல.

கெத்தூரா

*

ஆஷ்ஃபோர்டு
1807 ஜூலை 6

அக்கா,

கோபத்தில் எழுதிய கடிதத்தை நான் கடிதமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

சுதந்திர தின விழாவுக்கு நீங்கள் வராதது பெருங்குறை. பீரங்கி வெடித்து, என் சொற்பொழிவு முடிந்து, விருந்தில் வரிசையாகப் பெயர் சொல்லிக் கோப்பை உயர்த்தினோம். நாட்டுக்கு, மாநிலத்துக்கு, கலப்பைக்கு, மாண்டுபோன வீரர்களுக்கு, எனக்கு. கடைசிக் கோப்பை வழக்கம்போல அமெரிக்காவின் நற்குணப் பெண்களுக்கு. அதற்குள் பாதிப் பேர் மேசைக்கு அடியில் கிடந்தார்கள் என்றாலும், நின்றவர்கள் மனதார உயர்த்தினார்கள்.

அக்டோபரில் சாவடிப் பக்கம் வர வேண்டாம் என்று தம்பியாகக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே குடித்தவர்கள் இருப்பார்கள். உங்களை ஏதாவது சொல்லிவிட்டால் என்னால் தாங்க முடியாது.

ஒபதியா

*

ஸ்வெயின் பண்ணை
1807 அக்டோபர் 15

ஒபதியா,

தாங்கிக்கொண்டாயே! நன்றாகத் தாங்கிக்கொண்டாய். ரம் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாய்.

நீ பார்க்காததுபோல் நின்றதால் எழுதுகிறேன். நானும் தாமாரும் சேர்ந்து வந்தோம். என் முறை வந்தது. அதிகாரி பெயர் கேட்டார். சொன்னேன். பின்னால் ஒருவன் கத்தினான். "இன்னிக்கு இது எத்தனையாவது தடவைம்மா?"

இன்னொருவன், "முக்காட்ட விலக்கச் சொல்லுங்கப்பா, தாடி இருக்கப் போவுது!"

நான் முக்காடு போட்டு வரவில்லை. முகத்தை எல்லோருக்கும் காட்டிக்கொண்டுதான் நின்றேன். அதிகாரி என் சீட்டை வாங்காமல் சொன்னார். "ரெண்டு தடவை போட்டேன்னு சபையிலயே ஒத்துக்கிட்டாச்சு. உங்களுக்கு இந்தத் தடவை கிடையாதும்மா."

"ஒத்துக்கிட்டது நானா?"

"உங்க தம்பி."

"அப்ப அவர் வாக்கை நிறுத்துங்க."

நல்ல சிரிப்பு. நீகூடச் சிரித்தாய், கோப்பைக்குள்ளே. நான் அங்கேயே நின்றேன். "லோயர் கிரீக்கில் போட்டது இவன்," என்று கையை நீட்டினேன். ஒருவன் உன் இடுப்பைக் கட்டிப்பிடித்து, "வாங்க விதவையம்மா, ஆடலாம்!" என்றான். நீ அவனோடு இரண்டு சுற்று ஆடினாய். கூட்டம் கைதட்டியது. எத்தனை பேர் பார்த்தார்கள், ஒபதியா! ஆஷ்ஃபோர்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் சிரிக்கிறார்கள். தெரிந்துதான் மன்னிக்கிறார்கள். உன்னை அல்ல, என்னை.

தாமார் சீட்டை வாங்கிக்கொண்டார்கள். யாருக்குப் போட்டாள் என்று கேட்டேன். "உங்க தம்பிக்கு இல்ல," என்றாள். "அவரு ஆடினது நல்லா இல்ல."

நீ ஜெயித்துவிட்டாய் என்று இன்று சொன்னார்கள்.

கெத்தூரா

*

ட்ரென்டன், சட்டசபை விடுதி
1807 நவம்பர் 17

கெத்தூரா,

சட்டம் நிறைவேறிவிட்டது. நீ யார் வாயிலோ கேட்பதைவிட என்னிடமிருந்தே தெரிந்துகொள்வது நல்லது என்று எழுதுகிறேன். இனி இந்த மாநிலத்தில் வெள்ளையரான, வரி கட்டுகிற ஆண்களுக்கு மட்டும்தான் வாக்கு. கோர்ட்டுக் கட்டட வாக்கெடுப்பையும் செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். எத்தனை உழைப்பு! எல்லாம் வீண். பழியை யார் மீதாவது போட வேண்டியிருந்தது. இரண்டு கட்சிக்கும் ஒத்துவந்தது இதுதான்.

நானும் பேசினேன். பெயர் சொல்லவில்லை, பயப்படாதே. "எனக்கு மிக நெருங்கிய ஒரு விதவை" என்றுதான் சொன்னேன். "தெய்வபக்தி உள்ளவள், நல்ல குடும்பத்தவள். அவளே இரண்டு சாவடிகளில் வாக்குப் போடத் துணிந்தாள் என்றால், மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல? இந்த அழுக்கிலிருந்து நம் பெண்களைக் காப்பாற்றுவது நம் கடமை அல்லவா?" என்றேன். சபை மேசையைத் தட்டியது. பின்னால் ஒரு மூத்த உறுப்பினர் வந்து, சொந்தத் துயரத்தைப் பொது நன்மைக்குக் கொடுத்தவன் என்று என்னைத் தழுவிக்கொண்டார். மேலவைக்கு என் பெயர் அடிபடுகிறது.

உனக்கும் இதில் ஒரு நன்மை இருக்கிறது, யோசித்துப் பார். இனி நீ இரண்டு தடவை போட்டாய் என்று எவனும் சொல்ல முடியாது. ஒரு தடவைகூடக் கிடையாதே!

கிறிஸ்துமஸுக்கு முன் ஊருக்கு வருகிறேன். அப்போது மனஸ்தாபத்தை முடித்துக்கொள்வோம்.

ஒபதியா

*

ஸ்வெயின் பண்ணை
1807 நவம்பர் 29

ஒபதியா,

உன் கடிதத்தைத் தாமாருக்குப் படித்துக் காட்டினேன். அவள் விறகு அடுக்குவதை நிறுத்தவில்லை.

"நம்ம ரெண்டு பேரையும் ஒரே நாள்ல வெளிய தள்ளிட்டாங்க தாமார்," என்றேன்.

"உங்ககிட்ட இருந்து பிடுங்க உங்க தம்பி ஒரு கதை சொல்ல வேண்டியிருந்துச்சு ஸ்வெயினம்மா," என்றாள். "எங்ககிட்ட இருந்து பிடுங்க ஒரு கதைகூடத் தேவைப்படல. வெள்ளைன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான்."

கடிதத்தை மடித்துவிட்டு நானும் ஒரு விறகை எடுத்து அடுக்கினேன்.

வியாழக்கிழமை மெஹிட்டபெல் வந்தாள், உனக்குத் தெரியாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு. நீ இதைப் படித்துவிட்டு அவளைக் கேட்பாய் என்று எச்சரித்தேன். "எழுதுங்க அண்ணி," என்றாள். "என்னையும் பட்டறைக்கு வாடகைக்கா அனுப்பிடுவாரு? அப்புறம் யாரு சமைப்பா?"

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நாடா கட்டினது நான்தான் அண்ணி. குழந்தை பிறந்து பத்து நாள்கூட ஆகல. கட்டிலுக்குப் பக்கத்துல முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு, 'இறுக்கிக் கட்டு, இடுப்பு தெரியணும்'னாரு. அக்குள் கிழிஞ்சப்ப ரெண்டு பேருமே சிரிச்சோம். எனக்குச் சிரிப்பு வந்துச்சு, நான் மறைக்கல. சபையில எழுந்து அழ ஆரம்பிச்சாரு பாருங்க, அன்னிக்குத்தான் குழந்தையைச் சாக்கு வெச்சு எழுந்து வெளிய போனேன்."

"இதைப் போதகர்கிட்டச் சொல்லுவியா?"

"சொன்னேனே. ஆகஸ்ட்லயே போய்ச் சொன்னேன். புருஷனுக்கு எதிரா பொண்டாட்டி சாட்சி எடுபடாதாம். வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணச் சொன்னாரு."

ஆக, கணக்கு இப்படி முடிகிறது. ப்ரைம் பார்த்தான், அவன் அடிமை, அவன் வார்த்தை செல்லாது. மெஹிட்டபெல் நாடா கட்டினாள். அவள் மனைவி, அவள் வார்த்தை எடுபடாது. நான் சொன்னேன்; நான் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற்ற பாவி, என் வார்த்தைக்கு மதிப்பில்லை. ஊரார் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குச் சிரிக்கத்தான் தெரியும். இந்த மாநிலத்தில் இந்த உண்மையைச் சொல்லும் தகுதி சட்டப்படி ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருக்கிறது. வெள்ளையன், வரி கட்டுகிறவன், ஆண். எல்லாத் தகுதிகளையும் நீயே உட்கார்ந்து எழுதியிருக்கிறாய்.

போன வாக்கைத் திருப்பிக் கொடு என்று கேட்கவில்லை. அது உன்னாலும் இனி முடியாது. மேலவைக்குப் போகாதே என்றும் சொல்லவில்லை, போ. உன்னைப் போன்றவர்களுக்காகத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். நான் கேட்பது என் பெயர். இரண்டு தடவை போட்டவள் என்று சபைப் பெஞ்சிலும் கடையிலும் இப்போது ட்ரென்டனிலும் கிடக்கும் என் பெயர்.

டிசம்பர் 13 ஞாயிறு நீ ஊரில் இருப்பாய். நான் ஆராதனைக்கு வருகிறேன். கடைசிப் பெஞ்சில் இருப்பேன். போதகர் அறிக்கைகள் வாசித்து முடித்ததும், ஜூனில் எழுந்த அதே இடத்தில் எழுந்து நில். அழ வேண்டாம். தகப்பன் இல்லாத குடும்பம், மதி கலங்கியவள் எதுவும் வேண்டாம். லோயர் கிரீக்கில் போட்டது நான் என்று சொல். உன் பெயரைச் சொல்லிச் சொல்.

கெத்தூரா

*

ஸ்வெயின் பண்ணை
1807 டிசம்பர் 14

ஒபதியா,

நேற்று வந்திருந்தேன். போதகர் அறிக்கைகளை வாசித்து முடித்து, கடைசிப் பெஞ்சில் என்னைக் கண்டு, உன்னைப் பார்த்தார். மூப்பர் உன்னைப் பார்த்தார். மெஹிட்டபெல் உன்னைப் பார்த்தாள். நீ பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாய்.

அடுத்த ஞாயிறும் வருவேன். அதற்கடுத்த ஞாயிறும். எழுந்து நிற்பாயா, மாட்டாயா? அதை மட்டும் எழுது.

கெத்தூரா ஸ்வெயின்